ஒரு பிடி மண்ணுல பாதி மண்ணே கிடையாது

வணக்கம்ங்க, நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மண்ணைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க, இருபது வருஷத்துக்கு மேல மண்ணைத் தொட்டே பொழப்பு நடத்துறவன், சந்தோஷமா வந்துட்டேன்.

ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில வச்சுப் பாருங்க. நல்ல மண்ணா இருந்தா அதுல பாதிதான் மண்ணு. நூத்துக்கு 45 பங்கு பாறை உடைஞ்சு வந்த துகள், ஒரு 5 பங்கு மக்குன பொருள், மிச்சம் 50 பங்கும் வெறும் சந்து, இடுக்கு. அந்த இடுக்குல பாதி தண்ணியும் பாதி காத்தும் நின்னா வேருக்கு அதுதான் சொகம். வேர் வாழுறது அந்த இடுக்குலதாங்க, தண்ணி குடிக்கிறது, மூச்சு விடுறது, சத்து எடுக்கிறது எல்லாம் அங்கதான். ஆனா நம்ம பரிசோதனைச் சீட்டைப் பாத்தா பிஎச் (மண்ணு அமிலமா காரமான்னு காட்டுற எண்) இருக்கும், ஈசி (கரைஞ்ச உப்பைக் காட்டுற மின்கடத்தும் அளவு) இருக்கும், தழைச்சத்து மணிச்சத்து சாம்பல்சத்து, அதாவது நைட்ரஜன் பாஸ்பரஸ் பொட்டாசியம் இருக்கும், இந்த இடுக்கைப் பத்தி பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. என்கிட்ட வர்ற கேள்வியில பத்துக்கு ஒம்போது, "சார் என்ன போடலாம்"னுதான் வரும். போடுறதுக்கு முன்னாடி அது போய்ச் சேர வழி இருக்கான்னு பாக்கணும், இன்னிக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஒண்ணு சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி மரம் நட்ட ஒரு இடம், நட்டு மூணு வருஷம் ஆகியும் கன்னு இடுப்பு உயரத்தைத் தாண்டல. சீட்டுல எல்லாம் சுமாரா நல்லாவே இருந்துச்சு, தழைச்சத்து மட்டும் கொஞ்சம் கம்மி, அதை வச்சு உரம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் அப்படியேதான் நிக்குது. அப்புறம்தான் ஒரு கன்னை ஓரத்துலேர்ந்து பக்குவமா தோண்டி எடுத்தோம், எடுத்தா வேர் கயித்தைச் சுருட்டி வச்ச மாதிரி குழிக்குள்ளயே சுத்திச் சுத்திக் கெடக்குது, ஒரு வேர் கூட வெளிய போகல. என்னன்னா களிமண்ணு ஈரமா இருக்கும்போது மிஷின் துளைப்பான் வச்சுக் குழி போட்டிருக்காங்க, அது சுத்துன சுத்துல குழியோட செவுரு பானையோட உள்பக்கம் மாதிரி பளபளன்னு மெழுகிப் போச்சு. கன்னைத் தரையில நட்டதா நெனச்சிட்டிருந்தோம், அது தொட்டியில நின்னிருக்கு. மொதல்லயே தோண்டிப் பாக்காம சீட்டை மட்டும் நம்பி உரம் எழுதுனது இன்னிக்கும் என் மனசுல உறுத்துது. ஈரக் களியில மிஷின் குழி போட்டீங்கன்னா நடுறதுக்கு முன்னாடி கடப்பாரையால செவுத்தை நாலு பக்கமும் கொத்தி விடுங்க, அவ்வளவுதான் வேலை.

சரி, துகளுக்கு வருவோம். 2 மில்லிமீட்டர்லேர்ந்து 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் மணல், அதுக்குக் கீழ 0.002 வரைக்கும் வண்டல், அதுக்கும் கீழ இருந்தா களி. கொஞ்சம் மண்ணை நனைச்சுப் பிசைஞ்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ரிப்பன் மாதிரி தள்ளுங்க, 5 சென்டிமீட்டருக்கு மேல ஒடையாம நீண்டுச்சுன்னா களி நெறைய, ரிப்பனே வரலைன்னா மணல். இந்தக் கலவையை நம்மால மாத்த முடியாது, அது நிலம் பொறந்த ராசி. ஆனா அந்தத் துகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து எப்படி உருண்டை உருண்டையா நிக்குது, அந்தப் பொலபொலப்பு, அது நம்ம கையில இருக்கு, கெடுக்கறதும் நம்ம கைதான்.

அதை அளக்கவும் முடியும்ங்க. உள்அளவு தெரிஞ்ச ஒரு இரும்பு வளையத்தை மண்ணுல மெதுவா அடிச்சு இறக்கி, கலையாம எடுத்து, 105 டிகிரியில காயவச்சு எடை போட்டா ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னு கெடைக்கும். 1.3 வந்தா பாதி இடம் காலியா இருக்குன்னு அர்த்தம், 1.6 வந்தா காலியிடம் 40 சதவீதத்துக்கு எறங்கிடுச்சு. வெறும் பத்துதானே கொறைஞ்சிருக்குன்னு தோணும், ஆனா மொதல்ல நசுங்குறது பெரிய துவாரங்க, மழைத்தண்ணி எறங்குறதும் காத்து போறதும் அது வழியாத்தான், அதனால களிமண்ணுல 1.6 வந்தாலே வேர் தெணறும். மணல்ல அதே 1.6 பெருசா தொந்தரவு பண்ணாது, மண்ணுக்கு மண்ணு கணக்கு வேற.

அகல உழுவதை விட ஆழ உழுன்னு சொல்லுவாங்க, நல்ல பேச்சுதான், ஆனா வருஷா வருஷம் ஒரே ஆழத்துல, அதுவும் பதம் வர்றதுக்கு முன்னாடி ஈரத்துலயே டிராக்டரை இறக்குனா, கலப்பை போய் நிக்கிற எடத்துக்குக் கீழ ஒரு தட்டு உருவாகிடும், மேல பூ மாதிரி மண்ணு, கீழ தளம் போட்ட மாதிரி. காட்டுலயும் இதே கதைதான், வெட்டுன மரத்தை வண்டி வச்சு இழுக்கும்போது மொத ரெண்டு மூணு தடவை போறதுலயே இறுக்கத்தோட பெரும்பங்கு வந்துடுது, அதனால காடு பூராவும் வண்டி ஓட்டுறதை விட ஒரே தடத்துல போய் வந்தா சேதம் அந்தத் தடத்தோட போகும். வயலை அடுத்த வருஷம் உழுது ஓரளவு சரி பண்ணிடலாம், காட்டை யாருங்க உழப் போறா, அந்த இறுக்கம் அப்படியே பல வருஷம் கெடக்கும்.

இப்ப வேதியியல் பக்கம். 1840-கள்ல இங்கிலாந்துல தாம்சன்னு ஒரு நிலக்காரர் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணு வழியா ஊத்திப் பாத்தாரு, கீழ சொட்டுனது பெரும்பாலும் கால்சியம் சல்பேட், அதாவது நம்ம ஜிப்சம். உள்ள போனது அம்மோனியம், வெளிய வந்தது கால்சியம். வே-ன்னு ஒரு வேதியியலாளர் இதையே விரிவா ஆராய்ஞ்சு 1850-ல வெளியிட்டாரு. மண்ணு ஒண்ணை வாங்கிக்கிட்டு பதிலுக்கு ஒண்ணைக் குடுக்குதுங்க. களித் துகள் மேலயும் மக்கு மேலயும் எதிர்மின்சாரம் இருக்கு, அதுல கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் ஒட்டிக்கும், வேர் கேட்டா விட்டுக்குடுக்கும். எவ்வளவு ஒட்டும்ங்கறது களியோட ஜாதியைப் பொறுத்தது, கயோலினைட்ங்கற களி வகை கிலோவுக்கு 3-லேர்ந்து 15 சென்டிமோல்தான் (ஒட்டுற அளவைச் சொல்ற அலகு) பிடிக்கும், ஈரத்துல உப்பி காஞ்சா வெடிக்கிற வகை 80-லேர்ந்து 120 வரைக்கும் பிடிக்கும், மக்கு அதையும் தாண்டும். தழைச்சத்தோட ஒரு வடிவமான நைட்ரேட்டும் எதிர்மின்சாரம், அதனால அதை மண்ணு பிடிக்கறதில்ல, பெரிய மழை வந்தா தண்ணியோட போயிடும். உரத்தை ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் போடச் சொல்றது அதுக்குத்தான்.

என் மனசுக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இனிமேதான். உவர், களர்னு நம்ம பாஷையில ரெண்டு வார்த்தை இருக்கே, பேச்சுவாக்குல ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிடறோம், ஆனா ரெண்டும் வேற வேற வியாதி. உவர்னா கரையுற உப்பு அதிகம், ஈசி மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேல, மண்ணுல தண்ணி இருந்தும் பயிரால உறிஞ்ச முடியாது, ஆனா மண்ணோட பொலபொலப்பு கெட்டிருக்காது. நல்ல தண்ணி கட்டி, கீழ எறங்க வடிகாலும் வச்சுக் கழுவுனா தேறிடும். களர்னா சோடியம், களித் துகள்ல ஒட்டியிருக்கறதுல நூத்துக்கு 15-க்கு மேல சோடியமா இருக்கும், பிஎச் 8.5-ஐத் தாண்டிடும். கால்சியம் களித் துகளை ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பிடிச்சு வைக்கும், சோடியம் வந்து உக்காந்தா துகள் எல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு, தண்ணியில கலங்கி, போய் அந்த இடுக்கையெல்லாம் அடைச்சிடும். மழை பேஞ்சா கலங்கலா தேங்கி நிக்கும், காஞ்சா ஓடு மாதிரி ஆகும், விதை முட்டி வெளிய வர முடியாது. பாத்தீங்களா, கோளாறு வேதியியல்ல, அடி விழுறது இடுக்குல. ஜிப்சம் போட்டா அதுல இருக்கற கால்சியம் சோடியத்தைத் தள்ளிட்டு அந்த எடத்துல உக்காரும், அப்புறம்தான் கழுவணும். ரெண்டும் சேந்து இருக்கற நிலத்துல ஜிப்சம் இல்லாம வெறுமனே கழுவிட்டா உப்பு போயிடும், சோடியம் மட்டும் தங்கிடும், நிலம் முன்னைக்கு மோசமாகிடும். தயவுசெஞ்சு பரிசோதனை பண்ணாம இதுல எறங்காதீங்க.

பிஎச் பத்தி சுருக்கமா. ஒரு புள்ளி கொறைஞ்சா அமிலம் பத்து மடங்கு கூடுது. 6.5-லேர்ந்து 7.5-க்குள்ள இருந்தா பெரும்பாலான சத்து பயிருக்குக் கெடைக்கும், ரொம்ப அமிலமானா அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைச் சுடும், மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கும், காரம் ஏறுனா அதையே கால்சியம் பிடிச்சுக்கும், இரும்புச்சத்து கெடைக்காம இளந்தழை வெளுக்கும்.

காட்டு மண்ணுக்கு யாரும் மூட்டை மூட்டையா உரம் போடறதில்லையே, எப்படி நிக்குது? மேல விழுற இலைதான். இலை விழுந்து, மக்கி, அதே சத்து திரும்ப வேருக்கு, பல மழைக்காடுகள்ல சத்துல பெரும்பங்கு மரத்துலயும் மேல் மண்ணுலயும்தான் இருக்கு, கீழ தோண்டுனா ஏழை மண்ணு. ஜெர்மனி பக்கம் ஒரு காலத்துல மாட்டுக் கொட்டகைக்குப் போட காட்டுச் சருகை வருஷம் பூரா வாரி வாரி எடுத்தாங்க, காடே நலிஞ்சு போச்சு, எபர்மேயர்ங்கறவர் பவேரியாவுல அந்தச் சருகை ஆராய்ஞ்சு 1876-ல எழுதினாரு. காட்டை எரிச்சு விவசாயம் பண்ணா மொத வருஷம் அமோகமா வெளையுறதும் இந்தக் கணக்குதான், சாம்பல் பிஎச்சை ஏத்தும், சாம்பல்சத்தும் கால்சியமும் தரும், ரெண்டு மூணு வருஷத்துல அது தீந்துடும், மக்கும் கரைஞ்சிடும்.

வயலுக்கு மக்கு சேக்கும்போது ஒண்ணு கவனிங்க. வைக்கோல்ல கார்பன் 80-க்கு நைட்ரஜன் 1, மரத்தூள்ல சில சமயம் 400-க்கு 1. நுண்ணுயிருக்கு வேண்டியது சுமார் 25-க்கு 1. மரத்தூளை அப்படியே மண்ணுல கலந்தா அதுங்க கொறையிற நைட்ரஜனை மண்ணுலேர்ந்து எடுத்துக்கும், பயிர் மஞ்சளாகும். மேல மூடாக்கா போடுங்க, இல்ல சாணத்தோட மக்க வச்சுப் போடுங்க.

பரிசோதனைக்கு மண்ணு மாதிரி (சாம்பிள்) எடுக்கறதைச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன், இதுல தப்பு பண்ணா மத்ததெல்லாம் வீண். வரப்பு ஓரம், மர நிழல், குப்பை கொட்டுன எடம் வேண்டாம். குறுக்கும் நெடுக்குமா நடந்து 10, 15 எடத்துல சருகை விலக்கிட்டு ஆங்கில வி மாதிரி குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் ஓரத்துலேர்ந்து ஒரே கனமாச் சீவி எடுங்க, மரத்துக்குன்னா இன்னும் ஆழம் போகணும், அதைத் தனித்தனி அடுக்கா எடுங்க. எல்லாத்தையும் கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வந்து நிழல்ல காயவைங்க. அந்தக் குழியை மூடுறதுக்கு முன்னாடி காஞ்ச கட்டி ஒண்ணை எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில மெதுவா விட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல பொடிப்பொடியா உதிந்துச்சுன்னா மக்கு பத்தல, பொலபொலப்பு நிக்கல. உதிந்ததோட தண்ணியும் பால் மாதிரி கலங்கிடுச்சுன்னா சோடியம் இருக்கான்னு கட்டாயம் பாக்கச் சொல்லுங்க. கட்டி அப்படியே முழுசா நின்னு, அதுலேர்ந்து குட்டிக் குட்டிக் காத்துக்குமிழி மட்டும் மேல வந்துச்சுன்னா, அந்தக் குமிழி வர்ற எடம்தாங்க நான் இவ்வளவு நேரம் சொன்ன இடுக்கு.

வணக்கம்ங்க.