கெயின் எத்தனையில் வைக்க வேண்டும்?

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, புதிதாக டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். பிக்கப்பில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கெயினை 6-இல் வைக்கச் சொல்கிறார் நண்பர். வைத்தால் டிரெய்லர் சக்கரம் கீச்சென்று தேய்கிறது. சரியான எண் எது?" டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போகிற சிறு வீடு. பிக்கப்பிலிருந்து அதன் பிரேக்கை இயக்குவது பிரேக் கன்ட்ரோலர். அந்தப் பிரேக்குக்கு எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்று வைக்கிற அளவுதான் கெயின். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தம்பி, 6 என்பது உங்கள் நண்பரின் டிரெய்லருக்கான எண். உங்களுடைய எண்ணை ரோடுதான் சொல்லும். காய்ந்த, சமமான, ஆளில்லாத ரோட்டுக்குப் போங்கள். நாலைந்து முறை பிரேக் பிடித்துச் சூடாக்குங்கள். அப்புறம் மணிக்கு 25 மைலில் போகும்போது பெடலைத் தொடாமல், கன்ட்ரோலர் லீவரை மட்டும் முழுக்க அழுத்துங்கள். அது டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும். சக்கரம் சுற்றாமல் லாக் ஆனால் கெயினைக் குறையுங்கள். வேகம் குறையவே இல்லை என்றால் கூட்டுங்கள். லாக் ஆகிற இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

அந்த எண்ணும் நிலையானது இல்லை. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கரன்ட் கூடக் கூட அது டிரம்மை இறுக்கிப் பிடித்து, பிரேக் ஷூவைத் தள்ளுகிறது. 50 கேலன் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 190 கிலோ கூடுகிறது. காலி டிரெய்லருக்கு வைத்த கெயின் அப்போது போதாது. புது ஷூ படிந்த பிறகு பிடிப்பும் மாறும். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், எண்ணைக் கேட்காதீர்கள், ரோட்டைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் அந்த லீவரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். வயோமிங்கில் ஐ-80 ரோட்டில் பக்கக் காற்று எப்படி அடிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டிப் போனதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. என் மனைவி கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கால் பெடலுக்குத்தான் போகப் பார்த்தது. பிக்கப் சட்டென்று வேகம் குறைந்தால் பின்னாலிருக்கும் டிரெய்லர் அதைத் தள்ளும், ஆட்டம் மோசமாகும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, லீவரை அழுத்தினேன். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்து நேராகிவிட்டது. டிரெய்லரின் முன்பக்கம் பிக்கப் கொக்கியில் அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்று போன காணொளியில் சொன்னதும் இந்த ஆட்டத்துக்காகத்தான்.

இந்த வாரம் ஒரு காலி பார்க்கிங்கில், பார்க்காமலே கை அந்த லீவருக்குப் போகிறதா என்று பழகிப் பாருங்கள் தம்பி. அப்புறம் ரோட்டில் உங்களுக்கு என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.