மதியம் 1:15, உச்சி வெயில், ஃபிளாஷ் இல்லை: முகம் மட்டும் பளிச்!

(காட்சி: பினாங்கு, ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியா. வெயிலில் கண்ணைச் சுருக்கும் பூக்கார அக்கா.)

வணக்கம் மக்களே! படம் எடுக்கவே கூடாத நேரம் என்று சொல்வார்களே, அந்த நேரத்தில்தான் நிற்கிறோம். கையில் இருப்பது வெறும் கைப்பேசி. இந்த அக்காவை அழகாக எடுத்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

முதலில் கோல்டன் ஹவர், அதாவது சூரியன் மறையும் முன் பொன்னிற ஒளி விழும் நேரம். அந்த 'ஒரு மணி நேரம்' நம் ஊருக்குச் சரிவராது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிதான் வடக்கே. சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்கு சுமார் 15 டிகிரி இறங்குகிறது. அடிவானத்தைத் தொடும் முன் கடைசி 6 டிகிரியில்தான் அந்தப் பொன்னிறம் என்றால், கிடைப்பது சுமார் 25 நிமிடம். கோடைக்கால லண்டனில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இதுவே இரண்டு மடங்கு நீளும்.

இன்னொன்று, 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் நமக்கு உச்சி வெயில் இன்னும் தள்ளிப் போய்விட்டது: 12 மணிக்கு இல்லை, 1:15ஐ ஒட்டித்தான். 2 மணிக்கு வெயில் தணிந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

(காட்சி: அக்கா கடை ஓரத்து அஞ்சடிக்குள், அதாவது கூரை போட்ட நடைபாதைக்குள் வருகிறார்.)

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்திருக்கிறோம். பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் இந்த அஞ்சடிதான் பினாங்கிலேயே சிறந்த ஸ்டூடியோ!

வெளியே நின்றபோது அக்காவின் கண்குழியில் கறுப்பு, மூக்குக்குக் கீழே கறுப்பு, நெற்றியில் வியர்வைப் பளபளப்பு. "அக்கா, ஒரே ஒரு அடி உள்ளே வாங்க" என்றேன், அவ்வளவுதான். தலைக்கு மேல் கூரை வந்ததும் மேலிருந்து குத்தும் ஒளி நின்றுவிட்டது. ரோட்டில் பட்ட வெயில் எதிரொளித்து, முன்பக்கமிருந்து முகத்தில் மெதுவாக விழுகிறது. கண்மணிக்குள் பாருங்கள், தெருவே ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிகிறது! அந்தக் கீற்று இருந்தால்தான் முகத்துக்கு உயிர்.

ரொம்ப உள்ளே போகாதீர்கள், முகம் மங்கிவிடும். நிழல் தொடங்கும் கோட்டிலிருந்து ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு அடி. முகம் ரோட்டைப் பார்க்கட்டும், முதுகுப்பக்கம் இருண்ட கடை இருக்கட்டும். அப்போது மல்லிகைச் சரத்தின் வெள்ளை தனியாக எடுப்பாகத் தெரியும். பக்கத்தில் பச்சை பெயிண்ட் அடித்த சுவர் இருந்தால் தள்ளி நில்லுங்கள், கன்னத்தில் பச்சை ஏறும். நிழல் ஒளி கொஞ்சம் நீலமடிக்கும், அதனால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' (நிழல்) என்று வைத்துவிடுங்கள். கைப்பேசி என்றால் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் குறைத்துவிடுங்கள். மல்லிகை வெளுத்துப் போகாது.

என்னைக் கேட்டால், மாலைக் கடற்கரைப் படங்களைவிட இந்த அஞ்சடி முகங்கள்தான் அழகு. நம் ஆட்கள் நாள் முழுக்க நிற்பது, பேசுவது, வியாபாரம் பார்ப்பது எல்லாம் இங்கேதானே!

மேகம் மூடினால் விடாதீர்கள், வானம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டியது போல ஒளி பரவும், எங்கு நின்றாலும் முகம் நன்றாக வரும். காலை வெயில் வேண்டுமா, கிழக்குக் கரையில் இருக்கும் சூ ஜெட்டிக்குப் போங்கள்.

அப்புறம், கோலாலம்பூர் நண்பர்களே, பிரிக்பீல்ட்ஸில் எந்த அஞ்சடியில் இப்படி ஒளி விழுகிறது? கமெண்டில் தெருப் பெயரைப் போடுங்கள், அடுத்த வீடியோவை அங்கே எடுக்கலாம்.