போன்ல இருக்குன்னா, யாரோ எடுத்து வச்சதாலதான் இருக்கு

நடுவர் அவர்களே, பாண்டிச்சேரி மக்களே, எல்லாருக்கும் வணக்கம். இணையம் வந்த பிறகும் ஒரு மண்ணுக்கு, ஒரு மொழிக்குன்னு தனியா தேசிய நூலகம் வேணுமாங்கறதுதான் இன்னைக்கு தலைப்பு, கண்டிப்பா வேணும்னு சொல்ல வந்திருக்கேன். எதிரணி அண்ணன் போனைத் தூக்கிக் காட்டி "உலகத்து நூலகமெல்லாம் இதுக்குள்ள இருக்கு, கட்டடம் எதுக்கு"ன்னாரு, நீங்களும் கை தட்டினீங்க. சரிண்ணே, அதுக்குள்ள அதெல்லாம் எப்படி வந்துச்சு?

நம்ம செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ட பாருங்க. 1955ல ஆரம்பிச்சு, கோயில் கோயிலா, குருக்கள் வீடு வீடா கேட்டு வாங்கி ஓலைச்சுவடி சேர்த்தாங்க. இங்க உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோட சுவடியும் சேர்த்து கிட்டத்தட்ட 11,000, உலகம் காப்பாத்த வேண்டிய ஆவணங்களோட பட்டியலான யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல 2005ல ஏறுச்சு. சுவடியெல்லாம் சேர்த்து ரொம்ப காலத்துக்கு அப்புறம்தான் ஸ்கேனர் வந்ததுங்க. அன்னைக்கு அலைஞ்சு சேர்க்கலைன்னா பாதி கரையானுக்குப் போயிருக்கும், எதை ஸ்கேன் பண்ணியிருப்பீங்க?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. 1954ல ஒரு சட்டம் வந்துச்சு, புத்தகம் போடறவங்க 30 நாளுக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, நம்ம சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூணு நூலகத்துக்கு ஒவ்வொரு பிரதி, சொந்த செலவுல அனுப்பணும். 1956ல பத்திரிகையையும் சேர்த்தாங்க. ஆனா மின்னூலு, இணைய இதழ், வலைப்பூ இதெல்லாம்? அந்த சட்டத்துல ஒரு வரி இல்ல! அதாவது இன்னைக்கு தமிழ்ல அதிகமா எழுதற இடம் எதுவோ, அதை எடுத்து வைக்கணும்னு எந்த நூலகத்துக்கும் சட்டம் சொல்லல. தளத்தை நடத்தறவரு டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, காசு கட்டலைன்னா பத்து வருஷ எழுத்து ஒரே ராத்திரில காலி. ஜனங்க சொந்தமா இணையப் பக்கம் வச்சிருந்த ஜியோசிட்டீஸ் சேவையை 2009ல யாஹூ மூடினப்போ எத்தனை பேரோட பக்கங்க போச்சு, கம்பெனிக்கு லாபமில்லன்னா மூடுவான், அதுல அவனைக் குத்தம் சொல்ல முடியாது, காப்பாத்தறது அவன் வேலையே இல்ல.

பிரிட்டன்ல வேல்ஸ்னு ஒரு சின்ன நாடு, ஜனத்தொகை சுமார் 30 லட்சம்தான். 1907ல தனக்குன்னு தேசிய நூலகம் வச்சாங்க, 2013லேர்ந்து இணையப் பக்கங்களையும் சட்டப்படி சேமிக்கறாங்க, 1919 வரைக்குமான பழைய பத்திரிகை 11 லட்சம் பக்கம் யார் வேணாலும் ஃப்ரீயா படிக்கலாம். நாம தமிழ்நாட்டுல மட்டுமே 7 கோடிக்கு மேல இருக்கோம்யா! மனசு வலிக்குது எனக்கு.

செலவாகும்னாங்க எதிரணி. ஆகும்தான், ஆகட்டுமே, மேம்பாலத்துக்கு ஆகலையா? அதனால நடுவர் அவர்களே, தீர்ப்புல ரெண்டு விஷயம் சேர்த்து சொல்லுங்க. தமிழ் இணைய எழுத்தை சேகரிக்கற பொறுப்பை சட்டத்தை மாத்தி கன்னிமாராவுக்கு கொடுக்கணும், 1827லேர்ந்து இருக்கற நம்ம ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு இந்த ஊர்ல எழுதற ஒவ்வொண்ணோட டிஜிட்டல் பிரதியும் வந்து சேரணும், அதுக்கு ஆளும் பணமும் இந்த பட்ஜெட்லயே ஒதுக்கணும்.