மதுரையில் மகாலைத் தேடி ஒரு நடை

[காட்சி: அதிகாலை, மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு வாசல்]

வணக்கம். மதுரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் மீனாட்சி அம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விடுவார்கள். அந்த வழியை நடந்தே கடந்து பாருங்கள். மகாலின் ஒரு பகுதி அந்தத் தெருக்களுக்குள்தான் நிற்கிறது.

கோயிலுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை. 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். முக்குறுணிப் பிள்ளையாரையும் கும்பிட்டுக்கொள்ளுங்கள், அவருடைய கதை பின்னால் வருகிறது.

[காட்சி: விளக்குத்தூண், ஜவுளிக்கடைகள்]

கீழமாசி வீதி வழியாக விளக்குத்தூணுக்கு வாருங்கள். பக்கத்துச் சந்தில், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே கூரை கிடையாது. அந்த இடத்துக்குப் பெயரே பத்துத்தூண்தான். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையின் மிச்சம் இது. அரண்மனை இங்கே வரைக்கும் பரவியிருந்தது என்பதை இந்தத் தூண்களுக்குக் கீழே நின்றால்தான் நம்ப முடியும்.

[காட்சி: மகால் முற்றம், பிரம்மாண்டத் தூண்கள்]

அப்புறம் மகாலுக்குள் போங்கள். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். எஞ்சியதும் சிதைந்துகொண்டிருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்ததால்தான் இவ்வளவாவது நமக்குக் கிடைத்தது. பிறகு 1970 வரை இங்கே நீதிமன்றம் நடந்தது.

அரியணை இருந்த சொர்க்க விலாசத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தலைக்கு மேலே இருக்கும் குவிமாடத்தில் இரும்புச் சட்டமோ மர உத்தரமோ இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான். சுதைப்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்களாம். எனக்கு மதுரையிலேயே பிடித்த கூரை இதுதான்.

[காட்சி: மாலை, வண்டியூர் தெப்பக்குளம், நடுவில் மைய மண்டபம்]

சரி, இத்தனை செங்கல்லுக்கு மண் எங்கிருந்து வந்தது? வண்டியூரில் தோண்டினார்கள் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் காலையில் பார்த்த முக்குறுணிப் பிள்ளையார். பள்ளத்தை அப்படியே விடாமல் நாயக்கர் தெப்பக்குளமாக்கினார். அவர் பிறந்த நட்சத்திரமான தைப்பூசத்தில், மீனாட்சியும் சொக்கரும் இங்கே தெப்பத்தில் வலம் வருகிறார்கள். தை மாதம் வர முடிந்தால் அந்த நாளைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.