மலை மேல் இருக்கும் வீட்டிற்கு வெள்ளக் காப்பீடு எதற்கு? பன்கம் கவுண்டி தரும் விடை

[திரையில்: மலைகளுக்கு நடுவே ஆஷ்வில் நகரம், அதன் ஓரமாக வளைந்து செல்லும் ஆறு]

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேலான உயரத்தில் ஆஷ்வில் நகரம் இருக்கிறது. பன்கம் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வாகத் தலைமையிடம் இதுதான். 2024 செப்டம்பர் 26 அன்று இரவு ஹெலீன் சூறாவளி கரையைக் கடந்த ஃபுளோரிடா கடலோரத்திற்கும் இந்த நகரத்திற்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர் தூரம். ஆயினும் மறுநாள், நகரத்தின் வழியே ஓடும் ஃபிரெஞ்ச் பிராட் ஆற்றின் நீர்மட்டம் 24.67 அடியைத் தொட்டது. அதில் வந்து கலக்கும் ஸ்வானனோவா ஆறு ஆஷ்வில்லின் பில்ட்மோர் பகுதி அருகே 26 அடியைத் தாண்டியது. பன்கம் கவுண்டியில் மட்டும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த நாளில், இந்தக் கவுண்டியின் குடும்பங்களில் நூற்றுக்கு ஒன்றிடம்கூட வெள்ளக் காப்பீடு இருக்கவில்லை. அங்கு வாழ்ந்தவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது நியாயமாகாது. அவர்களில் பலருக்கு வங்கியும் வரைபடமும் வீட்டுக் காப்பீட்டு ஆவணமும் ஒரே செய்தியைத்தான் சொல்லாமல் சொல்லி வந்தன: உங்கள் வீடு வெள்ளப் பகுதியில் இல்லை. அந்தச் செய்தி எப்படி உருவாகிறது, அதில் எது விடுபடுகிறது என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

[திரையில்: மலைச்சரிவில் மோதி மேலேறும் மேகங்கள்]

முதலில் மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதும்போது மேலே ஏறி, குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஹெலீன் வந்து சேர்வதற்கு முன்பே, செப்டம்பர் 25 அன்றே, இந்த மலைகளில் கனமழை தொடங்கிவிட்டது. மண் நனைந்து ஊறிப்போன பிறகுதான் சூறாவளியின் மழை அதன் மேல் இறங்கியது. அருகிலுள்ள யான்சி கவுண்டியின் பியூசிக் என்ற இடத்தில் அந்தச் சில நாட்களில் 30 அங்குலத்திற்கு மேல் மழை பதிவானது. சமவெளியில் என்றால் அவ்வளவு நீரும் பரந்து விரிந்து மெல்ல வடிந்திருக்கும். மலையிலோ செங்குத்தான சரிவுகள் அதைக் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் சில மணி நேரத்தில் தள்ளிவிடுகின்றன. மக்களும் சாலைகளும் கடைகளும் இருப்பது அந்தப் பள்ளத்தாக்குகளில்தான், ஏனெனில் வீடு கட்டுவதற்கேற்ற சமதளம் அங்குதான் கிடைக்கிறது.

இது முன்பு நடக்காததும் அல்ல. 1916 ஜூலை மாதம் ஒரு புயலின் மழையில் மண் நனைந்திருந்த நிலையில், சில நாட்களிலேயே இரண்டாவது புயல் வந்தது. ஃபிரெஞ்ச் பிராட் 23.1 அடிக்கு உயர்ந்தது. 108 ஆண்டுகள் நிலைத்திருந்த அந்த அளவைத்தான் ஹெலீன் முறியடித்தது. இடையில் 2004 செப்டம்பரில் ஃபிரான்சிஸ், ஐவன் என்ற இரண்டு புயல்களின் மழை ஒரே மாதத்தில் வந்து, பில்ட்மோர் பகுதியை நீரில் மூழ்கடித்தது. முதல் மழை நிலத்தை நிரப்புவதும் இரண்டாவது மழை ஆற்றை நிரப்புவதும் இந்த ஊரின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

[திரையில்: வெள்ள இடர் வரைபடம், நீல நிறப் பட்டையாக ஆற்றோரம்]

இப்போது வரைபடத்திற்கு வருவோம். ஃபீமா என்று அழைக்கப்படும் மத்திய அவசரகால மேலாண்மை முகமை இதை வெளியிடுகிறது. எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள நிலம் 'ஏ' அல்லது 'ஏஇ' மண்டலமாகக் குறிக்கப்படும். பேச்சுவழக்கில் இதை நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். இந்தப் பெயர் செய்த தீங்கு அதிகம் என்பது என் கருத்து, ஏனெனில் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்குக் கவலையில்லை என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. ஆண்டுக்கு 1 சதவீதம் என்பதை, வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், ஒரு முறையேனும் வெள்ளம் வரும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்.

அந்தக் கோட்டிற்கு வெளியே உள்ளவை 'எக்ஸ்' மண்டலம். வெள்ளம் வராது என்பது இதன் பொருள் அன்று. மத்திய அரசின் ஆதரவு பெற்ற அடமானக் கடன் வாங்குவோர் வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்த மண்டலத்திற்கு இல்லை. கடன் கொடுப்பவருக்கான அந்த விடையையே நாம் நமக்கான விடையாகப் படித்துவிடுகிறோம். மேலும், பெரும்பாலும் ஆறுகளையும் பெரிய ஓடைகளையும் ஆய்ந்து வரையப்பட்ட இந்தக் கோடுகள், வீட்டின் பின்னால் ஓடும் சிற்றோடையையோ, கொட்டும் மழையில் சாலை வழியே இறங்கி வரும் நீரையோ முழுமையாகக் காட்டுவதில்லை.

காப்பீட்டின் விலையும் இப்போது இந்த மண்டல எழுத்தைப் பொறுத்ததாக இல்லை. 2021 அக்டோபரில் புதிய பாலிசிகளுக்கு அறிமுகமான கட்டண முறையின்படி, வீட்டிற்கும் நீர்நிலைக்கும் உள்ள தூரம், தரைமட்டத்தின் உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு போன்றவற்றைக் கொண்டே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. ஆகவே பக்கத்து வீட்டார் கட்டும் தொகையைக் கேட்டுவிட்டு உங்கள் தொகையை ஊகிக்க வேண்டாம். உங்கள் முகவரிக்கென்று கேட்டுப் பெறுங்கள்.

[திரையில்: இரண்டு தனித்தனிப் பாலிசி ஆவணங்கள்]

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்திற்குப் பணம் தராது. குழாய் வெடித்து வீட்டுக்குள் நீர் பாய்ந்தால் அது ஏற்கும். ஆறு பெருகி உள்ளே வந்தால் ஏற்காது. அதற்காகவே 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு குடும்ப வீட்டின் கட்டடத்திற்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும், உள்ளிருக்கும் பொருட்களுக்குத் தனியாக 1,00,000 டாலரும் இதில் காப்பீடு செய்யலாம். பொருட்களுக்கான பகுதியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். பலர் கட்டடத்திற்கு மட்டும் எடுத்துவிட்டு, இரண்டும் சேர்ந்தே இருப்பதாக நம்புகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க முடியும். வீடு சரியாகும் வரை வெளியே தங்கும் செலவை இத்திட்டம் தராது. காருக்கு நேரும் சேதம் கார்க் காப்பீட்டின் பொறுப்பு.

நிலவறை உள்ள வீடுகளுக்குத் தனி விதி. எல்லாப் பக்கமும் தரைமட்டத்திற்குக் கீழே இருக்கும் தளத்தில், வெப்பமூட்டும் கருவி, வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றிற்குப் பணம் கிடைக்கும். அலங்கரித்த சுவர், தரை, அங்கு வைத்த சோபா போன்றவற்றிற்குக் கிடைக்காது. மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் ஒரு பக்கம் கதவு திறந்து நேரே வெளியே நடக்கும்படி கீழ்த்தளம் இருந்தால், இந்த வரையறைப்படி அது நிலவறை ஆகாது. பன்கம் கவுண்டி போன்ற இடத்தில் இந்த ஒரு வரி பல ஆயிரம் டாலர் வேறுபாட்டை உண்டாக்கலாம்.

[திரையில்: மண்ணும் மரமும் கலந்து சரிந்த மலைப்பாதை]

இதைவிட வேதனையான சிக்கல் மண்ணில் இருக்கிறது. நீரோடு ஓடிவரும் சேற்றை, அதாவது ஆறுபோல் பாயும் சேற்றை, வெள்ளக் காப்பீடு வெள்ளமாகவே ஏற்கிறது. நனைந்த மலைச்சரிவு ஒரே பாளமாகப் பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்தால் அது நிலச்சரிவு. அதை வெள்ளக் காப்பீடும் ஏற்காது, வழக்கமான வீட்டுக் காப்பீடும் ஏற்காது. ஹெலீன் மழையில் இந்த மலைகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவுகள் ஏற்பட்டன. ஒரே இரவில், ஒரே மழையில் வீட்டை இழந்த இருவரில், எது வந்து மோதியது என்பதை வைத்து ஒருவருக்குப் பணமும் மற்றவருக்கு மறுப்பும் கிடைப்பது, மலைப்பகுதி மக்களுக்காக இன்னும் திருத்தப்பட வேண்டிய குறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சரிவின் அடியில் வீடு உள்ளவர்கள், நிலச்சரிவுக்கான தனிக் காப்பீடு கிடைக்குமா என்று முகவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பேரிடர் வந்தால் அரசு தருமே என்ற கேள்வி எழலாம். ஹெலீன் காலத்தில் வீட்டுப் பழுதுக்காக ஃபீமா ஒரு குடும்பத்திற்குத் தரக்கூடிய உச்சவரம்பு 42,500 டாலர். பெரும்பாலோருக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அரசு வழங்கும் பேரிடர்க் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். தலைக்கு மேல் போன வெள்ளத்தில் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். வீட்டுக்குள் புகும் வெள்ளத்திலோ ஓர் அங்குலமும் கணக்கில் வரும். ஓர் அங்குல நீரே 25,000 டாலர் வரை சேதம் விளைவிக்கலாம் என்பது ஃபீமாவின் மதிப்பீடு.

[திரையில்: நாட்காட்டி]

இன்று பாலிசி எடுத்தால் 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். புதிய அடமானக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. ஹெலீன் பற்றிய முன்னறிவிப்பைக் கேட்டு 2024 செப்டம்பர் 24 அன்று ஒருவர் காப்பீடு எடுத்திருந்தால், அது உயிர்பெறும் நாள் அக்டோபர் 24. எனவே மழை இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். முகவரியைக் கொடுத்து விலை கேட்கும்போதே, அறை அறையாகப் படம் எடுத்து, கொதிகலன், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் மாதிரி எண்ணும் தெரியும்படி வைத்து, அந்தப் படங்களை வீட்டிற்கு வெளியே சேமியுங்கள். வெள்ளம் வடிந்தபின் இழப்புச் சான்றை, அதாவது சேதத்தையும் கோரும் தொகையையும் சொல்லும் உங்கள் அறிக்கையை, 60 நாட்களுக்குள் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்று பாலிசி கேட்கும். நனைந்த பொருட்களை வெளியே எறிவதற்கு முன் அவற்றையும் படமெடுத்து, தரைவிரிப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.