இந்தக் கைகளைக் கேளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

மாதம் ஒருமுறை இந்த மொட்டைமாடியில் கூடி இசை கேட்கிறோம். கர்நாடக சங்கீதம் கேட்டாயிற்று, இளையராஜாவை மூன்று மாதம் கேட்டோம், போன மாதம் கஜல். இந்த மாதம் மின்கிட்டார் முழங்கும் ஹெவி மெட்டல் இசை பற்றிப் பேசுகிறேன் என்றதும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "அது வெறும் சத்தமாச்சே தம்பி" என்றார். சத்தம்தான் ஐயா. அந்தச் சத்தம் எங்கே பிறந்தது என்று சொல்லிவிட்டு, கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த ஆல்பங்களில் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருப்பவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

பதினெட்டு வயதில் நான் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் நின்றவன். தகட்டை டை என்னும் அச்சின் மேல் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். நாள் முழுக்க இந்த மூன்றுதான். வரிசை ஒரே ஒரு தடவை மாறிப்போனால் விரல் இருக்காது. பக்கத்து மெஷினில் நின்ற அண்ணனுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. டீ கிளாஸை அவர் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிப் பிடிப்பார். சூடு ஏறினால் கிளாஸைச் சட்டென்று மற்றக் கைக்கு மாற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. அந்த நாட்களில்தான் கிட்டார்காரர் டோனி அயோமியின் கதையை ஒரு நண்பன் சொல்லிக் கேட்டேன்.

இங்கிலாந்தின் பர்மிங்காம், இரும்பிலும் தகட்டிலும் பிழைத்த ஊர். 17 வயது அயோமி அங்கே ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தார். அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். இசைக்குழுவோடு கிளம்ப இருந்தார். மதியம் வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வழக்கமாக நிற்கும் ஆள் வராததால் பழக்கமில்லாத மெஷினில் இவரை நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அயோமி இடது கைப் பழக்கக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்தும் கை அவருக்கு வலது கைதான்.

ஆலையில் அவருக்கு மேலிருந்த ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்து, இதைக் கேள் என்றார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த கிட்டார் மேதை ஜாங்கோ. அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்துகொண்டார். தந்தியில் வழுக்காமல் இருக்க அதன் மேல் தோல் துண்டை ஒட்டினார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தொடுவது தெரியாது. கெட்டியான தந்தியை அழுத்தினால் வலிக்கும். மெல்லிய தந்திகளைக் கட்டிப் பார்த்தார். பிறகு தந்தியைத் தளர்த்தவும் ஆரம்பித்தார். அவருடைய குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. 1971இல் மூன்றாவது ஆல்பம் வருவதற்குள் சுருதி நன்றாக இறங்கிவிட்டது. நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் கணக்கில், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு! தளர்ந்த தந்தியில் மின்சாரம் பாய்ந்தபோது வந்த அந்த இருண்ட, கனத்த ஒலியைத்தான் உலகெங்கும் பிள்ளைகள் இன்றுவரை தேடிப் பிடித்து வாசிக்கிறார்கள்.

அதனால் மெட்டல் கேட்கும்போது நான் வேகத்தை எண்ணுவதில்லை. யாருடைய கை இது, யாருடைய தொண்டை இது, அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்றுதான் காது போகிறது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். அண்மையில் வந்த நல்ல மெட்டல் ஆல்பங்களில் உடம்பு கேட்கிறது. அடிபட்ட, மூப்பு வந்த உடம்பு.

2024 மார்ச் 8 அன்று ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' வந்தது. முறியாத கேடயம் என்று தமிழில் சொல்லலாம். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது வயது 72. பர்மிங்காமை ஒட்டிய வால்சாலில், இரும்பு வேலைகளுக்கு நடுவே வளர்ந்தவர். ஆல்பம் வந்த அன்று இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில் கேட்டேன். முதல் பாடல் 'பேனிக் அட்டாக்'. தூரத்திலிருந்து ஏதோ கிளம்பி வருவதுபோல மெல்லத் தொடங்குகிறது. பிறகு கிட்டார்கள் ஒன்றாக இறங்குகின்றன, ஸ்காட் டிராவிஸின் இரண்டு கால்களும் டிரம்மில் ஓட ஆரம்பிக்கின்றன, அதற்கு மேலே ஹால்ஃபோர்டின் குரல் ஏறுகிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது வயதில் அந்தக் குரல் மேல் ஸ்தாயிக்குப் போனால் சாணை பிடித்த கத்திபோல இருக்கும், ஓரமே தெரியாது. இப்போது ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருக்கிறது. மூச்சு எடுக்கும் இடம் காதில் விழுகிறது. அந்தப் பிசிறை ஒளிக்காமல் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார். பழைய ஆல்பங்களில் இந்த உயரத்தைக் கேட்டு வியந்திருக்கிறேன், இதில் கேட்டபோது கண் கலங்கியது. 'கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்' என்ற பாடலில் வேறு ஹால்ஃபோர்ட். பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நின்று, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பாடுகிறார். வீட்டில் யாருக்காவது மெட்டலை அறிமுகம் செய்ய நினைத்தால் இந்தப் பாடலில் தொடங்குங்கள்.

இனி கைகள். கிளென் டிப்டன் 1974 முதல் இந்தக் குழுவின் கிட்டார்காரர். அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018இல் அறிவித்தார்கள். விரல் நடுங்குகிற நோய், விரலை நம்பிப் பிழைக்கிறவருக்கு வந்திருக்கிறது. முழுக் கச்சேரிக்கு அவரால் நிற்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் சுற்றுப்பயணத்தில் சில ஊர்களில் கடைசி இரண்டு மூன்று பாடல்களுக்கு மட்டும் மேடையேறினார். இந்த ஆல்பத்தின் பாடல்களை உருவாக்கியவர்களிலும் அவர் பெயர் இருக்கிறது.

அவரோடு வாசிக்கும் ரிச்சி ஃபாக்னர் வயதில் மிக இளையவர். 2021 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் 'பெயின்கில்லர்' பாடலை வாசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பெருந்தமனி கிழிந்தது. பாடலை நிறுத்தாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். மருத்துவமனை சில மைல் தூரத்திலேயே இருந்ததால் பிழைத்தார். பத்து மணி நேர அறுவை சிகிச்சை. நெஞ்சில் சில பாகங்களுக்குப் பதிலாக உலோகம் வைத்தார்கள். அதற்குப் பிறகு பக்கவாதம் வந்து வலது கைவரை பாதித்ததை நெடுநாள் கழித்துத்தான் வெளியில் சொன்னார். இந்த ஆல்பத்தின் சோலோக்களை, அதாவது கிட்டார் தனித்து முன்னே வரும் இடங்களை, வாசித்தது அந்தக் கைதான். ஒரு ரசிகனாக நான் முதலில் கேட்டபோது அதை அறியேன். தெரிந்த பிறகு மறுபடி கேட்டேன், ஒரு சுரம்கூட எனக்கு முன்போலக் கேட்கவில்லை.

மெட்டாலிக்கா குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வருத்தம் அதில்தான் இருக்கிறது. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது கூட்டத்தில் தொண்டை கட்டக் கத்தியவன் நான். 2023 ஏப்ரலில் '72 சீசன்ஸ்' வந்தது. ஆண்டுக்கு நான்கு பருவம் என்று வைத்தால் 72 பருவங்கள் 18 ஆண்டுகள். ஒரு மனிதனை உருவாக்கி விட்டுவிடுகிற முதல் பதினெட்டு ஆண்டுகள். அருமையான கரு. ஆனால் 12 பாடல்கள், 77 நிமிடங்கள். நடுவில் பல இடங்களில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, தன் வேலையை முடித்த பிறகும் இன்னும் நான்கு சுற்று சுற்றுகிறது. கால் மணி நேரத்தைக் குறைத்திருந்தால் பெரிய ஆல்பமாகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கடைசிப் பாடல் 'இனமொராட்டா' மட்டும் விதிவிலக்கு. பதினோரு நிமிடம், அவர்கள் மட்டுமே எழுதிப் பதிவுசெய்த பாடல்களிலேயே நீளமானது. அதில் ஒரு நொடிகூட எனக்கு மிகையாகத் தெரியவில்லை. துயரத்தைக் காதலிபோல விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவனின் பாட்டு அது. நடுவில் எல்லாம் ஓய்ந்து பேஸ் கிட்டார் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும் இடம் வரும். 2019இல் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் போதைப் பழக்கத்திலிருந்து மீள மறுபடி சிகிச்சைக்குப் போனார், சுற்றுப்பயணமே தள்ளிப்போனது. அதை நினைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கேளுங்கள்.

அயர்ன் மெய்டன் குழுவின் 'செஞ்சுட்சு' 2021இல் வந்தது. அதில் எனக்கு நெருக்கமானது கடைசிப் பாடலான 'ஹெல் ஆன் எர்த்' ஒன்றுதான், மற்றவற்றை மரியாதையோடு கேட்டேன். ஆனால் அதில் டிரம் வாசித்த நிக்கோ மெக்பிரைன் 2023 தொடக்கத்தில் பக்கவாதத்தில் விழுந்து, எழுந்து, அதே ஆண்டில் மேடைக்குத் திரும்பி, 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். அதனால் இந்த ஆல்பம் என் அலமாரியில் தனி இடத்தில் இருக்கிறது.

ஸ்வீடனின் ஓபெத் குழுவுக்கு வருகிறேன். இது வேறு மாதிரியான தொண்டைக் கதை. அதன் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டுக்கு இரண்டு குரல்கள். ஒன்று தேன். இன்னொன்று க்ரௌல், அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல். 2008க்குப் பிறகு நான்கு ஆல்பங்களில் அந்த உறுமலை அவர் அடியோடு விட்டுவிட்டார். ரசிகர்கள் கேட்டு ஓய்ந்தோம். 2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்காரத் தகப்பன் இறந்துவிட்டான். பிள்ளைகள் கூடியிருக்க உயில் வாசிக்கப்படுகிறது. முதல் ஏழு பாடல்களுக்குப் பெயரே இல்லை, சட்டப் பத்திரத்தின் பிரிவுபோலக் குறியும் எண்ணும்தான். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் உண்மை வெளியே வருகிறது. பாகப்பிரிவினை பார்த்த வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை; பத்திரத்தைப் படிக்கப் படிக்கக் கூடத்தில் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். பதினாறு ஆண்டு கழித்து அந்த உறுமல் இங்கே திரும்பி வருகிறது. செத்த பிறகும் அதிகாரத்தை விடாத தகப்பனின் குரலாகவே அது எனக்குக் கேட்டது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து வசனமும் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். எட்டாவது பாடலுக்கு மட்டும் பெயர் உண்டு, 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்'. அதில் உறுமலே இல்லை. உயிலில் எழுதாமல் விட்ட ஓர் உண்மை, மெல்லிய குரலில். கதையை முழுதாகச் சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

கடைசியாக ஆஸி ஆஸ்போர்ன். அயோமியோடு பிளாக் சப்பாத்தைத் தொடங்கிய பாடகர். அவருக்கும் பார்க்கின்சன், 2020இல் அறிவித்தார். 2022 செப்டம்பரில் 'பேஷன்ட் நம்பர் 9' வந்தது. பெரிய கிட்டார்காரர்களான ஜெஃப் பெக்கும் எரிக் கிளாப்டனும் அதில் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அவர்களைவிடப் பெரிது, ஆஸியின் தனி ஆல்பம் ஒன்றில் முதன்முறையாக அயோமி வாசித்தது. இரண்டு பாடல்கள். 'நோ எஸ்கேப் ஃப்ரம் நவ்' என்ற பாடலில் அயோமியின் ரிஃப் வந்து விழும்போது, பர்மிங்காமின் அந்தப் பழைய ஆலைக் கதவு திறந்ததுபோல இருந்தது எனக்கு.

2025 ஜூலை 5 அன்று, ஆஸி வளர்ந்த பர்மிங்காமின் ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சப்பாத்தின் தொடக்க கால நான்கு பேரும் மறுபடி ஒன்றாக மேடையேறினார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்து பாடினார். நிகழ்ச்சியின் பணம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான நோயாளிப் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நான் இங்கே போனில் பார்த்தேன். எழுந்து நிற்க அந்த உடம்பு முயன்றதையும், முடியாமல் கைகளை மட்டும் தூக்கிக் கூட்டத்தைத் தட்டச் சொன்னதையும் பார்த்தேன். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, 76 வயதில் அவர் இறந்தார்.

ஐயா, நீங்கள் சத்தம் என்று சொன்னீர்கள். 'நோ எஸ்கேப் ஃப்ரம் நவ்' பாடலை இப்போது முழுவதுமாகப் போடப்போகிறேன். வேறெதையும் கவனிக்க வேண்டாம். கிட்டார் தாழ இறங்கும்போது தந்தியை அழுத்துகிற நடுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விரல்களின் நுனியிலும் தொப்பி இருக்கிறது.

தம்பி, விளக்கை அணைத்துவிட்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.