கேட்க வாய் வராதவளின் கணக்கு

(குடியாத்தம் பட்டிமன்றம். தலைப்பு: நண்பர்களுக்குள் செலவைச் செல்போனில் பங்கு பிரித்துக் கேட்பது நட்பைக் காக்கிறதா, கரைக்கிறதா? "காக்கிறது" அணியில் ஒருவர் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த வெயில் ஊரில் பகலெல்லாம் வெந்துவிட்டு ராத்திரியில் எங்கள் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் என் ஊர் ஜனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரொம்ப அழகாகப் பேசினார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அவர் சொன்னதன் சாரம் என்ன? "கணக்குப் பார்த்தால் பந்தம் இல்லை. டீ குடித்த காசுக்கு ஏழரை ரூபாய் அனுப்பு என்று ஒருத்தன் போனில் கேட்டான், அன்றோடு அந்த நட்பு போச்சு" என்றார். அதற்கப்புறம் பாரி வள்ளலைக் கூட்டி வந்தார். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தவன் பரம்பரையில் வந்துவிட்டு, பிரியாணிக்குப் பங்கு கேட்கிறோமே என்று வருத்தப்பட்டார்.

நடுவர் அவர்களே, ஏழரை ரூபாய்க்கு ஆள் விட்டது தப்புதான். எங்கள் அறையில் 50 ரூபாய்க்குக் கீழே கைச்செலவு எதையும் எழுதுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். டீ, பூ, ஷேர் ஆட்டோ, பிஸ்கெட் எல்லாம் யார் கை முந்துகிறதோ அவர்கள் கொடுப்பது. ஆனால் வீட்டு வாடகையும், கேஸும், தண்ணீர் கேனும், ஊர் சுற்றப் போன காரும் டீ இல்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன், தோல் தைக்கிற லைனில். தங்கியிருப்பது சத்துவாச்சாரியில், ஒரு மாடி அறையில். இப்போது நாங்கள் ஐந்து பேர். நான் குடியாத்தம். ஒருத்தி ஆரணி, ஒருத்தி போளூர், ஒருத்தி வாலாஜா, ஒருத்தி வாணியம்பாடி. எங்கள் அம்மாக்கள் பிறந்தபோது இதெல்லாம் ஒரே வட ஆற்காடு. 1989இல் பிரித்தார்கள், ஆரணியும் போளூரும் திருவண்ணாமலையோடு போயின. 2019இல் வேலூரையும் மூன்றாகப் பிரித்தார்கள், வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போனது, வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போனது. ஐந்து பேரும் இன்றைக்கு நான்கு மாவட்டம். பிரித்ததால் எங்களுக்குள் என்ன முறிந்தது? எல்லை எது என்று தெளிவாக இருந்தால் பக்கத்து ஊரோடு சண்டை வராது. அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் நாங்கள் நான்கு பேர். அப்போது எங்களுக்கு மூத்தவளாக ஓர் அக்கா இருந்தார். ஊர் கே.வி.குப்பம் பக்கம். பால்காரருக்கு அவர்தான் கொடுப்பார். கேன்காரர் கீழே இருந்து குரல் கொடுத்தால் அவர்தான் இறங்கிப் போவார். நாங்கள் மூன்று பேரும் என்ன நினைத்தோம்? "அக்கா கேட்டால் கொடுத்துடலாம்." அக்கா என்ன நினைத்தார்? "அதுங்களா குடுக்கும், நாமளா போய் எப்படி கேக்கறது?" இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஐந்து மாசம் ஓடிப்போச்சு.

ஒருநாள் அக்கா காதில் கம்மல் இல்லை. கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. "இன்னாக்கா ஆச்சு?" என்றோம். "காது புண்ணுடி, ஆறட்டும்" என்றார். நம்பினோம். புண் ஆறப் பத்து நாள் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேப்பங்குச்சி இரண்டு மாசம் இருந்தது. அப்புறம் அக்கா, "ஊர்ல இருந்தே பஸ்ல வந்து போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. லைனில் எதிரே வந்தால் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்.

பொங்கலுக்கு அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினோம். பேப்பர் விரிப்புக்கு அடியில், துணி காயப்போடும் கிளிப்பில் சேர்த்துக் குத்திய காலண்டர் தாள்கள். தினமும் கிழிக்கிறோமே, அந்தத் தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் அக்கா கையெழுத்து. பால் 30. கேன் 35. கரண்ட் பில். எண்ணினேன், 52 தாள். கூட்டினேன், 6,440 ரூபாய். நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,610.

எதிரணி அண்ணன் அவர்களே, கணக்குப் பார்த்தால் பந்தம் இல்லை என்றீர்களே. அந்த அக்கா ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதியிருக்கிறார். எல்லோர் மனசிலும் கணக்கு இருக்கிறது. அவருக்கு இல்லாதது கணக்கு இல்லை, கேட்கிற வாய். மாசக் கடைசியில் நான்கு பேர் போனிலும் "டிங்" என்று சத்தம் வந்து, "உன் பங்கு இவ்வளவு" என்று எழுத்தில் வந்திருந்தால், அன்றைக்கே கொடுத்திருப்போம். கொடுக்க மனசில்லாமல் இருக்கவில்லை நாங்கள். எவ்வளவு என்று தெரியாமல் இருந்தோம். தெரிந்துகொள்ளவும் இல்லை. அது எங்கள் குற்றம்தான், இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன். கம்மல் அடகுக்குப் போனது மட்டும் அவருடைய காதிலிருந்து.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கேட்கக் கூச்சப்படுவது யார்? வசதி உள்ளவர் கூச்சப்படுவதில்லை, அவருக்குக் கேட்கவும் தெரியும், விட்டுக்கொடுக்கவும் முடியும். கையில் துட்டு இல்லாதவர்தான், "இதைக் கேட்டால் நம்மைப் பிச்சைக்காரி என்று நினைப்பார்களோ" என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். கணக்கே வேண்டாம், எல்லாம் அன்புதான் என்று நீங்கள் சொல்லும்போது, அந்த அன்புக்குப் பில் கட்டுவது கடைசியில் இல்லாதவர்தான்.

பாரிக்கு வருகிறேன். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பாரி பெயரிலும் ஒரு வளைவு உண்டு. பாரியின் பறம்பு நாட்டில் 300 ஊர் இருந்ததாகச் சொல்வார்கள். எங்களுக்கு இருப்பது ஒரு மாடி அறை, அதுவும் வாடகைக்கு. ஈகை வேறு, பங்கு வேறு. நான் உனக்குக் கொடுத்தால் அது ஈகை, அதை யாரும் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். நாம் ஐந்து பேரும் சேர்ந்து அனுபவித்தால் அது பங்கு. பங்குக்குரியவரைத்தான் தமிழில் பங்காளி என்கிறோம். பசங்க ஒருத்தனை ஒருத்தன் "பங்கு" என்றே கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற கணக்கு யாரையும் உறுத்தவில்லையே?

அந்த ஏலகிரிக்கே போன கதையைச் சொல்கிறேன். போன வருஷம் ஐந்து பேரும் போனோம். கார் வாடகை 3,500, ஆரணிக்காரி கொடுத்தாள். வழியில் ஆம்பூரில் சாப்பாடு 1,250, வாலாஜாக்காரி கொடுத்தாள். மேலே புங்கனூர் ஏரியில் படகும் மற்ற சில்லறையும் 500, வாணியம்பாடிக்காரி. ஆக மொத்தம் 5,250. பழைய முறையில் என்ன செய்வோம்? "தலைக்கு 1,050, விடு" என்போம். ஆனால் போளூர்க்காரிக்கு அன்றைக்குக் கார்த்திகை விரதம். நாங்கள் நான்கு பேர் தலைக்கு 290 ரூபாய்க்கு மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். அவள் சாப்பிட்டது தயிர்சாதமும் ஒரு லெமன் சோடாவும், 90 ரூபாய். சமமாகப் பிரித்தால் அவள் தலையில் சாப்பாட்டுக்கு மட்டும் 250 விழும். அவள் வாய் திறப்பாளா? "நான் பிரியாணி தின்னலையே" என்று எந்தப் பெண்ணாவது நான்கு தோழிகள் நடுவில் சொல்வாளா? அவள் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. செலவைப் பங்கு பிரிக்கிற செயலியில் பதியும்போதே, இந்த வரியில் அவள் பெயருக்கு 90 என்று வாலாஜாக்காரி போட்டுவிட்டாள். எங்களுக்குத் தலைக்கு 1,090 வந்தது. அவளுக்கு 890.

அதோடு அந்தச் செயலி நிற்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று முடிச்சை அதுவே அவிழ்த்தது. கார் காசில் நான் ஆரணிக்காரிக்குத் தர வேண்டும், பிரியாணி காசில் வாலாஜாக்காரிக்குத் தர வேண்டும், படகுக்கு வாணியம்பாடிக்காரிக்கு. இப்படி ஆளுக்கு மூன்று கை. இதையெல்லாம் கழித்துக்கட்டி, நான் 1,090ஐயும் போளூர்க்காரி 890ஐயும் நேராக ஆரணிக்காரிக்கு அனுப்பினால் போதும், வாணியம்பாடிக்காரி அவளுக்கு 430, வாலாஜாக்காரிக்கு 160 என்று காட்டியது. மொத்தம் நான்கே அனுப்பல். சத்துவாச்சாரி திரும்புவதற்குள், பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போதே முடித்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி போளூர்க்காரி எங்களோடு படுத்துச் சிரித்துப் பேசினாள். மனசுக்குள், சாப்பிடாத பிரியாணிக்குக் கொடுத்த 160 ரூபாயை வைத்துப் புழுங்கிக்கொண்டு அவள் படுக்கவில்லை. இதற்குப் பெயர் நட்பு கரைவதா?

அமெரிக்காவில் வென்மோ என்று ஒரு செயலி இருக்கிறது, நண்பர்கள் செலவைப் பிரித்து அனுப்பிக்கொள்வதற்கு. 2009இல் அதை ஆரம்பித்த ஆண்ட்ரூ கொர்டினாவும் இக்ரம் மக்டன்-இஸ்மாயிலும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கப் போன இடத்தில் பர்ஸை மறந்துவிட்டார். நண்பர் செலவு செய்தார். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கிற வழி தொல்லையாக இருந்ததும் அந்தச் செயலிக்கு ஒரு காரணம். திருப்பிக் கொடுக்க நினைத்த ஒரு நண்பனின் மனசும் அதில் இருக்கிறது, நடுவர் அவர்களே.

எதிரணித் தங்கை ஒரு போடு போட்டார். "நண்பர்களிடம் யுபிஐயில் காசு கேட்கிற வசதியையே நிறுத்திவிட்டார்களே, அவர்களுக்கே தெரிந்துவிட்டது இது கெட்டதென்று" என்றார். தங்கை சொன்னதில் பாதி சரி. 2016இல் யுபிஐ வந்த நாளிலிருந்து, நான் உன் போனுக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால் நீ உன் ரகசிய பின் நம்பரைப் போட்டதும் பணம் என் கணக்குக்கு வந்துவிடும் என்று ஒரு வழி இருந்தது. ஆளுக்கு ஆள் அப்படிக் கேட்பதை 2025 அக்டோபர் முதல், யுபிஐயை நடத்துகிற தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் நிறுத்தியது. ஏன்? நண்பர்கள் கேட்டதாலா? இல்லை. திருடர்கள் கேட்டதால். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பின் போட்டால் பணம் வரும்" என்று ஏமாற்றினார்கள். தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஒரு நிமிஷம் இதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் அந்த ரகசிய பின் நம்பர் வேண்டவே வேண்டாம். பின் போட்டால் நம் பணம் போகிறது என்று அர்த்தம்.

கொக்கி போட்டு இழுக்கிற அந்த வழி அடைபட்டது, நல்லதுதான். ஆனால் கணக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, "உன் பங்கு இவ்வளவு" என்று காட்டுகிற வழிக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. தொகை பதிந்த க்யூஆர் கோடை குழுவில் போட்டால் அவரவர் ஸ்கேன் செய்து அவரவர் கையால் அனுப்புகிறார்கள். எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கிறது. நான் இழுக்கவில்லை, அவளாகவே கொடுக்கிறாள்.

எழுதி வைப்பது நம் வழக்கமில்லை என்றும் ஒரு குரல் வந்தது. மொய் நோட்டை மறந்துவிட்டீர்களா? கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, ஒருவர் எண்ண, ஒருவர் ஊர், பேர், தொகை என்று எழுதுவார். எங்கள் ஆயா அந்த நோட்டை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து வைத்திருக்கிறார். இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கவரில் காசு வைப்பார். சொந்தம் அறுந்ததா? அந்த நோட்டில் பேர் இல்லாவிட்டால்தான் அறுந்தது.

அக்கா கதையை நடுவிலேயே விட்டுவிட்டேன்.

அந்தக் காலண்டர் தாள்களைப் போட்டோ எடுத்து, என் பங்கு 1,610ஐ அவர் நம்பருக்கு அனுப்பினேன். கூடவே, "அக்கா, தாள் கிடைச்சிது. மன்னிச்சிடுக்கா" என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. லைனிலும் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி போனில் "டிங்" என்றது. அக்கா எனக்கு 225 ரூபாய் அனுப்பியிருந்தார். பயந்துபோய்க் கூப்பிட்டேன். "இன்னாக்கா இது?" என்றேன்.

"நடுவுல ஒருதபா சிலிண்டர் நீ வாங்கினடி, 900 ரூபா. அத நான் எழுதவே இல்ல. என் பங்கு 225" என்றார்.

எனக்கே அது ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். கம்மலை மீட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார், "பங்குனில மீட்டுட்டேன், காதுதான் தூந்துபோச்சு, மறுபடியும் குத்தணும். ஞாயித்துக்கிழம கூட வரியா?" என்று.

போனேன்.

என் நேரம் முடிந்தது, நடுவர் அவர்களே. வணக்கம்.